'முடியாது' என்று சொல்ல ஒருவர் வேண்டும்: அதிகாரப் பிரிவினை, ஓர் எளிய அறிமுகம்

1607ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு ஓர் ஆசை வந்தது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கைத் தாமே விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதுதான் அது. நீதிபதிகள் மன்னரின் பெயரில்தானே தீர்ப்பளிக்கிறார்கள், அந்த மன்னரே தீர்ப்பளித்தால் என்ன குறைந்துவிடும்? சட்டம் அறிவின் மேல் கட்டப்பட்டது என்கிறீர்களே, அந்த அறிவு நீதிபதிகளுக்கு மட்டும்தான் உண்டா, எனக்குக் கிடையாதா? இப்படிக் கேட்டார் ஜேம்ஸ். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல.

தலைமை நீதிபதிகளில் ஒருவரான எட்வர்ட் கோக் பணிவாகத்தான் பதில் சொன்னார். மன்னருக்கு இயற்கையறிவு நிறையவே உண்டு. ஆனால் குடிமக்களின் உயிரையும் உடைமையையும் பற்றிய வழக்குகள் இயற்கையறிவால் தீர்பவை அல்ல, நெடுநாள் படிப்பும் பழக்கமும் வேண்டும் என்றார். அப்படியானால் நான் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்கிறீரா, இப்படிச் சொல்வது ராஜத்துரோகம் என்று மன்னர் கொதித்தார். மன்னர் எந்த மனிதருக்கும் கீழ்ப்பட்டவர் அல்லர்; கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவர் என்று பழைய சட்ட நூலின் வாசகத்தை எடுத்துச் சொன்னார் கோக்.

இந்த உரையாடலை நமக்கு விட்டுச் சென்றவர் கோக்கேதான் என்பதால் சற்று எச்சரிக்கை தேவை. அவர் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. எப்படியோ, தொடர்ந்து மன்னருக்கு ஒத்துவராத நீதிபதியாகவே இருந்த கோக்கை 1616இல் ஜேம்ஸ் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்.

அரசின் அதிகாரத்தைப் பிரித்து வைப்பது ஏன் என்ற கேள்விக்கு இந்தக் கதையே பாதி விடை. அதிகாரத்தில் இருப்பவரிடம் 'இது உங்கள் வேலை இல்லை' என்று சொல்ல ஒருவர் வேண்டும். மீதிப் பாதியும் இதிலேயே இருக்கிறது: அப்படிச் சொன்னவருக்கு மறுநாளும் வேலை இருக்க வேண்டும். முதல் பாதியை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது.

மூன்று வேலைகள்

எந்த அரசும் மூன்று வகை வேலைகளைச் செய்கிறது. சட்டம் இயற்றுவது ஒன்று. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது இரண்டாவது. வரி வசூலிப்பது, காவல் காப்பது, உரிமம் வழங்குவது, போர் நடத்துவது எல்லாம் இதில் அடங்கும். தகராறு வரும்போது சட்டம் என்ன சொல்கிறது என்று தீர்ப்பது மூன்றாவது. முதல் வேலை நாடாளுமன்றம், சட்டமன்றம் போன்ற அவைகளுடையது. இரண்டாவது, அதிபர் அல்லது பிரதமர், அமைச்சர்கள், அவர்களுக்குக் கீழ் இயங்கும் அதிகாரிகள் அடங்கிய நிர்வாகத்துறையுடையது. மூன்றாவது நீதிமன்றங்களுடையது. பள்ளிப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரு முக்கோணத்தை வரைந்துவிட்டு நின்றுவிடுகின்றன.

ஏன் மூன்றையும் ஒரே கையில் கொடுக்கக் கூடாது? 'அதிகாரம் குவிந்தால் ஆபத்து' என்பது உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் தலையாட்டிவிட்டுக் கடந்துவிடுகிறோம், என்ன ஆபத்து என்று பார்ப்பதில்லை. ஒரு சட்டத்தின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் விளங்கும். 'அனுமதியின்றிப் பொது இடத்தில் கூட்டம் கூட்டினால் தண்டனை' என்று ஓர் அவை சட்டம் இயற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எழுதும் உறுப்பினருக்கு, நாளை அதில் மாட்டப்போவது எதிரியா, நண்பரா, தம் மகனா என்று தெரியாது. தெரியாததால்தான் வாசகத்தைக் கொஞ்சம் யோசித்து எழுதுவார். சட்டம் அவர் கையை விட்டுப் போனபின், குறிப்பிட்ட ஒரு கூட்டத்தைப் பிடிப்பதா விடுவதா என்று முடிவெடுப்பது காவல்துறை. பிடிபட்டவர் செய்தது உண்மையில் அந்தச் சட்டத்துக்குள் வருகிறதா என்று பார்ப்பது நீதிபதி. அவர் அந்தச் சட்டத்தை எழுதியவர் அல்லர். அந்த ஆளைப் பிடித்தவரும் அல்லர். எனவே இரண்டில் எதையும் நியாயப்படுத்திக் காட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

மூன்றும் ஒருவரே என்றால்? முதலில் ஆளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, பிறகு அவருக்கு ஏற்றாற்போல் சட்டத்தை எழுதலாம். இது கற்பனை அல்ல. 1641இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இதையே செய்தது. மன்னர் முதலாம் சார்லஸின் நெருங்கிய ஆலோசகரான ஸ்ட்ராஃபோர்டு பிரபு மீது ராஜத்துரோகக் குற்றம் சாட்டி விசாரணை நடத்தினார்கள். குற்றம் நிரூபணமாகும் போலத் தெரியவில்லை. உடனே விசாரணையை ஓரம் வைத்துவிட்டு, ஸ்ட்ராஃபோர்டு குற்றவாளி, அவருக்கு மரண தண்டனை என்று ஒரு சட்டத்தையே நிறைவேற்றினார்கள். மன்னர் வேறு வழியின்றிக் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு மே 12ஆம் தேதி ஸ்ட்ராஃபோர்டின் தலை வெட்டப்பட்டது. ஸ்ட்ராஃபோர்டு நல்லவரா கெட்டவரா என்பது வேறு கதை. சட்டம் இயற்றும் அவையே நீதிமன்றமாகவும் மாறினால் என்ன நடக்கும் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் இதை மறக்கவில்லை. பெயர் சொல்லித் தண்டிக்கும் இத்தகைய சட்டங்களை அதன் முதல் பிரிவிலேயே தடை செய்தார்கள்.

அதிகாரப் பிரிவினை என்றாலே கொடுங்கோல் மன்னரையோ சர்வாதிகாரியையோ மட்டும் நினைத்துக்கொள்வது தவறு. மக்கள் தேர்ந்தெடுத்த அவையும் இதே தவறைச் செய்யும். பெரும்பான்மை இருக்கிறது என்ற தெம்பில் இன்னும் துணிந்து செய்யும்.

மாண்டெஸ்கியூ கண்டதும் காணாததும்

அரசின் வேலைகளைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் அரிஸ்டாட்டில் காலத்திலேயே உண்டு. ஆனால் இன்று நாம் அறிந்த வடிவில் இதை முன்வைத்தவர் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ. 1729 முதல் 1731 வரை இங்கிலாந்தில் தங்கியிருந்தவர் அவர். 1748இல் வெளியிட்ட நூலில், சட்டமியற்றும் அதிகாரமும் செயல்படுத்தும் அதிகாரமும் ஒருவரிடமே சேர்ந்தால் சுதந்திரம் இருக்காது. தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவற்றிலிருந்து பிரிக்கப்படாவிட்டாலும் இருக்காது என்று வாதிட்டார். அதற்கு எடுத்துக்காட்டாக அவர் காட்டியது இங்கிலாந்தை.

வேடிக்கை என்னவென்றால், அவர் வியந்து எழுதிய அதே காலத்தில் இங்கிலாந்து வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. நாடாளுமன்றத்தின் உள்ளேயிருந்தே அமைச்சரவை முளைத்து, மன்னரின் நிர்வாக அதிகாரத்தை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டிருந்தது. சட்டமியற்றுபவர்களும் நிர்வாகிகளும் அங்கே பிரியவில்லை, பின்னிக்கொண்டார்கள். 'லார்ட் சான்சலர்' என்ற ஒரே பதவிக்காரர் அமைச்சராகவும், பிரபுக்கள் சபைக்குத் தலைமை தாங்குபவராகவும், நீதித்துறையின் தலைவராகவும் இருந்த விநோதம் அந்நாட்டில் 2005ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வரை நீடித்தது. தனியான உச்ச நீதிமன்றம் அங்கே செயல்படத் தொடங்கியதே 2009இல்தான்.

ஆனால் மாண்டெஸ்கியூ ஒன்றைச் சரியாகவே பார்த்திருந்தார். கோக்குக்கு நேர்ந்தது இனி எந்த நீதிபதிக்கும் நேரக் கூடாது என்று இங்கிலாந்து 1701இல் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. அதன்படி, நன்னடத்தையுடன் இருக்கும்வரை நீதிபதியின் பதவி நீடிக்கும். நீக்குவதென்றால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கேட்டுக்கொள்ள வேண்டும். மன்னரின் முகச்சுளிப்பு மட்டும் இனிப் போதாது. மூன்று பெட்டிகளாகப் பிரித்து வரைவதைவிட இந்த ஒரு விதி எவ்வளவோ பெரிய காரியம்.

மாண்டெஸ்கியூவின் கருத்து வேகமாகப் பரவியது. 1789இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 16ஆவது பிரிவு, உரிமைகளுக்கு உத்தரவாதமும் அதிகாரப் பிரிவினையும் இல்லாத சமுதாயத்துக்கு அரசியலமைப்பே கிடையாது என்று அறிவித்தது. அறிவித்த சில ஆண்டுகளிலேயே அதே நாட்டில் எல்லா அதிகாரமும் ஒரு குழுவின் கைக்கும் பிறகு ஒரே மனிதரின் கைக்கும் போய்ச் சேர்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். தாளில் எழுதிவிட்டால் மட்டும் நடந்துவிடாது.

பிரித்து வைத்தால் மட்டும் போதுமா?

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. அதிகாரப் பிரிவினை என்றதும், மூன்று துறைகளுக்கும் இடையே உயரமான சுவர் எழுப்பி, ஒருவர் மற்றவர் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருப்பதுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். நீதிமன்றம் அரசின் உத்தரவை ரத்து செய்தால் 'எல்லை மீறல்' என்ற குரல் உடனே எழுவதும் இதனால்தான்.

அப்படி முழுச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? காவல்துறையும் படையும் கருவூலமும் கையில் உள்ள நிர்வாகத்துறை, தன் பங்குக்குக் கிடைத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் கேட்பார் இருக்க மாட்டார்கள். வேலியே பயிரை மேயத் தொடங்கினால், பக்கத்து வயல்காரர் தம் வரப்புக்குள் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும்.

எனவேதான் ஒவ்வொரு துறைக்கும் மற்றதன் வேலையில் ஒரு சிறு பங்கு கொடுக்கப்படுகிறது. முழுப் பங்கு அல்ல; தடுத்து நிறுத்தும் அளவுக்கு மட்டும். 'கட்டுப்பாடும் சமநிலையும்' என்று சொல்வது இதைத்தான். இந்த முரண்பாட்டை வெளிப்படையாக எடுத்துப் பேசியவர் அமெரிக்க அரசியலமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன். துறைகள் கொஞ்சமும் கலக்கக் கூடாது என்பது மாண்டெஸ்கியூவின் கருத்தே அல்ல என்று அவர் 1788இல் எழுதினார். ஒரு துறையின் முழு அதிகாரமும் இன்னொரு துறையின் கையில் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். மனிதர்கள் தேவதைகளாக இருந்தால் அரசே தேவையில்லை. அப்படி இல்லாததால் ஒருவரின் பதவி ஆசையை இன்னொருவரின் பதவி ஆசையைக் கொண்டே மடக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நல்லவர்களைத் தேடிப் பதவியில் அமர்த்துவது அந்தத் திட்டத்தில் இல்லை. சுயநலக்காரர்களே வந்தாலும் ஓட வேண்டிய இயந்திரம் அது.

அமெரிக்காவில் இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது? அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றுகிறது. ஆனால் அதிபர் அதை மறுத்துத் திருப்பி அனுப்பலாம். அத்துடன் முடிந்துவிடாமல், இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் அதிபரின் மறுப்பையும் மீறிச் சட்டம் நிறைவேறும். நீதிபதிகளை நியமிப்பவர் அதிபர். அதற்குக் காங்கிரஸின் மேலவையான செனட்டின் ஒப்புதல் வேண்டும். படைகளின் தலைவர் அதிபர். போரை அறிவிப்பதும் படைக்குப் பணம் ஒதுக்குவதும் காங்கிரஸ். எந்தப் பெரிய காரியத்தையும் ஒரே ஆள் தொடங்கி, நடத்தி, முடித்துவிட முடியாதபடி முடிச்சுகள் போடப்பட்டிருக்கின்றன.

1952இல் இந்த முடிச்சு ஒன்று இறுகியது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. எஃகு ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாராக, ஆயுத உற்பத்தி பாதிக்கும் என்று சொல்லி அதிபர் ட்ரூமன் ஆலைகளை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். அப்படி எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டம் எதையும் காங்கிரஸ் இயற்றவில்லை. உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் உத்தரவு செல்லாது என்றது. போர்க்காலம், தேச நலன், படைத் தலைவர் என்ற பெரிய சொற்கள் எல்லாம் ஒருபுறம் இருக்க, சட்டம் இயற்றும் வேலையை அதிபர் தாமே செய்துகொண்டார் என்பதுதான் தீர்ப்பின் சாரம். ட்ரூமன் ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார். வேலைநிறுத்தம் தொடங்கி 50 நாள்களுக்கு மேல் நீடித்தது. கட்டுப்பாட்டுக்கு விலை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழக்கு இன்னும் சுவையானது. வாட்டர்கேட் ஊழலில் தம் அலுவலக உரையாடல்களின் ஒலிநாடாக்களை ஒப்படைக்க அதிபர் நிக்சன் மறுத்தார். 1974 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தே ஆக வேண்டும் என்றது. எட்டு நீதிபதிகள், எட்டுப் பேரும் ஒரே குரல். அவர்களில் மூவர் நிக்சனே நியமித்தவர்கள். ஆகஸ்ட் 9ஆம் தேதி நிக்சன் பதவியில் இல்லை. நியமித்தவருக்கே எதிராக அந்த மூவரால் தீர்ப்பளிக்க முடிந்ததற்கு அவர்களின் நேர்மை ஒரு காரணம் என்றால், அவர்களை நியமிக்க முடிந்த நிக்சனால் நீக்க முடியாது என்பது இன்னொரு காரணம்.

பிரதமர் ஆட்சியில் பிரிவினை எங்கே?

இதுவரை சொன்னது அதிபர் ஆட்சி முறை. பிரிட்டன், இந்தியா, கனடா போன்ற நாடுகளில் பிரதமரும் அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களே. சட்டமியற்றும் அவையில் பெரும்பான்மை வைத்திருப்பவரே நிர்வாகத்தின் தலைவர். அப்படியானால் முதல் இரண்டு துறைகளும் ஒன்றாகிவிட்டனவே என்று கேட்டால், ஆம், பெருமளவுக்கு ஒன்றுதான். இதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை.

இங்கே கட்டுப்பாடு வேறு வழியில் வருகிறது. அவையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் அமைச்சரவை. 1999 ஏப்ரல் 17 அன்று இந்திய மக்களவையில் வாஜ்பாய் அரசுக்கு ஆதரவாக 269 வாக்குகள், எதிராக 270. ஒரே வாக்கில் ஆட்சி போனது. அமெரிக்காவில் கருத்து வேறுபாட்டுக்காக அதிபரை நீக்க முடியாது; குற்றம் சாட்டி, செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு பெற வேண்டும். 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அப்படி ஒரே வாக்கில் தப்பினார். எளிதில் கலைக்கக்கூடிய அரசா, எளிதில் கலைக்க முடியாத, ஆனால் காங்கிரஸை நம்பியிருக்கும் அரசா என்பதுதான் இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு.

பிரதமர் முறையில் பெரிய ஆபத்து, அந்த அவையையே பேச விடாமல் செய்துவிடுவது. 2019இல் பிரிட்டன் பிரதமர் போரிஸ் ஜான்சனின் ஆலோசனைப்படி நாடாளுமன்றம் ஐந்து வாரங்களுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் கெடு நெருங்கிக்கொண்டிருந்த நேரம். செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது சட்டவிரோதம் என்றார்கள். தக்க காரணமின்றி நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்வதைத் தடுப்பது செல்லாது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அதற்கு ஓராண்டு முன்பு இலங்கையில் இதைவிடப் பெரிய நெருக்கடி நடந்தது. 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். புதியவருக்குப் பெரும்பான்மை சேரவில்லை என்று தெரிந்ததும் நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தையே கலைத்தார். 2015இல் கொண்டுவந்த 19ஆவது திருத்தத்தின்படி, நாடாளுமன்றம் கூடி நாலரை ஆண்டுகள் ஆகும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் கேட்டாலொழிய, ஜனாதிபதியால் அதைக் கலைக்க முடியாது என்பதே அப்போதிருந்த விதி. டிசம்பர் 13 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாகக் கலைப்பு செல்லாது என்றார்கள். சில நாள்களில் ரணில் மீண்டும் பிரதமர். அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்த ஆட்சியின் ஜனாதிபதியும் அதே சிறிசேனதான்.

நீதிபதிகளைக் கட்டுப்படுத்துவது யார்?

நியாயமான கேள்வி. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத சிலர், மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தை ரத்து செய்யலாமா? அமெரிக்க அரசியலமைப்பில் இந்த அதிகாரம் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 1803இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் ஒரு வழக்கில் அதை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்ட விதம்தான் சாமர்த்தியம். உச்ச நீதிமன்றத்துக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்த ஒரு சட்டப் பிரிவைத்தான் அவர் செல்லாது என்றார். சிறிய அதிகாரம் ஒன்றைக் கைவிட்டு மிகப் பெரிய அதிகாரம் ஒன்றைப் பெற்றுவிட்டார். தீர்ப்பின் உடனடி விளைவு தங்களுக்குச் சாதகமாக இருந்ததால் ஆட்சியாளர்களால் அதை மீறவும் வழியில்லை.

இந்தியாவில் 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, 7-க்கு 6 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்றது. மறுநாளே அரசு, அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பில் இருந்த மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி, எதிர்த்தரப்பில் நின்ற ஏ.என். ராயைத் தலைமை நீதிபதியாக அறிவித்தது. மூவரும் விலகினார்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்தை அணுக முடியுமா என்ற கேள்வி வந்தபோது ஐந்து நீதிபதிகளில் நால்வர் முடியாது என்றார்கள். மாறுபட்டு எழுதிய எச்.ஆர். கன்னாவுக்கு 1977இல் கிடைத்திருக்க வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது. அவரும் விலகினார். ஜேம்ஸ் மன்னரைப்போல் யாரும் யாரையும் பதவியிலிருந்து தூக்கவில்லை. பதவி உயர்வைக் கொடுக்காமல் விட்டார்கள். கட்டுப்பாடுகளை உடைப்பவர்கள் பெரும்பாலும் கதவை உடைப்பதில்லை, இப்படித்தான் செய்கிறார்கள். நால்வரின் அந்தத் தீர்ப்பை 2017இல் உச்ச நீதிமன்றமே தவறு என்று அறிவித்தது.

கேள்விக்கு வருகிறேன். நீதிபதிகளுக்கும் கடிவாளங்கள் உண்டு. அவர்களாக வழக்கைத் தேடிப் போவது விதிவிலக்கு. பொதுவாக யாராவது கொண்டுவந்தால்தான் தீர்ப்பு. காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், அது மேல்முறையீட்டில் சோதிக்கப்படும். சட்டத்துக்கு அவர்கள் கொடுத்த பொருள் பிடிக்காவிட்டால் அவை சட்டத்தைத் திருத்தி எழுதலாம். கடும் முறைகேடு என்றால் நாடாளுமன்றம் நீக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நீதிமன்றத்திடம் சொந்தப் படையும் கிடையாது, சொந்தக் கருவூலமும் கிடையாது. தீர்ப்பை நிறைவேற்ற அது நிர்வாகத்துறையைத்தான் நம்ப வேண்டும். இருந்தும், நீதிபதிகளை நீதிபதிகளே தேர்ந்தெடுக்கும் இந்திய முறையில் இந்தப் பதில்கள் முழுத் திருப்தி தருகின்றன என்று நான் சொல்ல மாட்டேன். அதை மாற்ற 2014இல் கொண்டுவந்த 99ஆவது திருத்தத்தை, 2015இல் அதே நீதிபதிகள்தான் ரத்து செய்தார்கள்.

மத்திய அரசு, மாநில அரசு என்று பிரிப்பதையும் சிலர் இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது கூட்டாட்சி. அதுவும் அதிகாரத்தைக் குவிய விடாமல் தடுக்கும் வழிதான், ஆனால் வேறு அச்சில். பத்திரிகைகளை நான்காவது தூண் என்பது மரியாதைக்கான பட்டம். அவற்றிடம் அரசின் அதிகாரம் எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது.

மேடிசன் கணக்கில் வராத ஒன்று

காங்கிரஸ் உறுப்பினர் தம் அவையின் அதிகாரத்தைப் பெரிதாக நினைப்பார், அதை அதிபர் தொட்டால் சீறுவார் என்பதுதான் மேடிசன் எதிர்பார்த்தது. கட்சி என்ற ஒன்று இந்தக் கணக்கைக் குலைத்தது. அவையில் அமர்ந்திருப்பவருக்குத் தம் அவையைவிடத் தம் கட்சித் தலைவர் முக்கியமாகிவிட்டால், அந்தத் தலைவரே நிர்வாகத்தின் தலைவராகவும் இருந்தால், யார் யாரைத் தடுப்பது? தடுக்கும் அதிகாரம் அப்படியே இருக்கும். தடுக்கும் ஆசைதான் இருக்காது. இந்தியாவில் 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை கட்சித் தாவலைத் தடுக்க வந்தது, நோக்கம் நல்லதே. ஆனால் கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகும் என்றானபின், ஆளும் கட்சி உறுப்பினர் தம் அரசின் மசோதாவைத் தோற்கடிப்பது பெரும்பாலும் நடக்காத காரியமாகிவிட்டது.

அதற்காகக் கட்சி விசுவாசம் எப்போதுமே வெல்லும் என்றும் இல்லை. 1937இல் அதிபர் ரூஸ்வெல்ட், தம் திட்டங்களை ரத்து செய்துவந்த உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் வரை கூடுதலாக நியமிக்க வழி கேட்டார். முந்தைய ஆண்டுதான் மாபெரும் வெற்றி பெற்றிருந்தார். செனட்டில் அவர் கட்சிக்கு நாலில் மூன்று பங்குக்கு மேல் இடங்கள். அந்தத் திட்டத்தைப் புதைத்தவர்கள் அந்தக் கட்சியின் செனட்டர்களேதான்.

இன்னொரு பலவீனம், அவசரம். அவை கூடியிராத நேரத்தில் உடனடித் தேவை வந்தால் நிர்வாகத்துறையே அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம் என்று இந்திய அரசியலமைப்பு இடம் கொடுக்கிறது. அவை மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் அது காலாவதியாகிவிடும். அதற்குள் அவை ஏற்றுக்கொண்டால் சட்டம், இல்லையேல் குப்பை. விதிவிலக்குதான், ஆனால் கவனமாக வேலி போட்ட விதிவிலக்கு. பீகார் அரசு அந்த வேலியில் ஓட்டை கண்டது. அவசரச் சட்டம் காலாவதியாகும் நேரத்தில் அதையே மறுபடி பிறப்பித்தது, மறுபடியும் பிறப்பித்தது. 1967 முதல் 1981 வரை இப்படி 256 அவசரச் சட்டங்களைப் பிறப்பித்து உயிரோடு வைத்திருந்தது, அவற்றில் சில 14 ஆண்டுகள் வரை ஓடின. அவையும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

இதைக் கண்டுபிடித்துக் கணக்கெடுத்தவர் டி.சி. வாத்வா என்ற பொருளாதாரப் பேராசிரியர். அவரே உச்ச நீதிமன்றத்துக்கும் போனார். 1986 டிசம்பரில் நீதிமன்றம், சட்டமன்றத்தைத் தாண்டிக்கொண்டு அவசரச் சட்டங்களாலேயே ஆட்சி நடத்துவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று கடுமையாகச் சொன்னது. 1989இல் அதே மாநில அரசு தனியார் சமஸ்கிருதப் பள்ளிகளை ஏற்றுக்கொள்ள ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. அவையின் முன் வைக்காமலேயே 1992 வரை அதைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்துக்கொண்டிருந்தது. அப்படிச் செய்வது செல்லாது என்று இன்னொரு முறை சொல்வதற்கு, 2017 ஜனவரியில் ஏழு நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது.